வாசலில் நிற்க வேண்டியவர் தரகரல்ல, நூலகரே!

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளிவந்த மறுநாளே நமது தெருக்களுக்கு இரண்டு தரகர்கள் வந்துவிடுகிறார்கள்.

ஒருவர் நூற்பு மில்லுக்கு ஆள் பிடிக்கிறவர். பெண் பிள்ளை இருக்கும் வீடாகப் பார்த்து நுழைவார். மூன்று வருஷம் விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் கிடைக்கும் என்பார். ‘சுமங்கலித் திட்டம்’ என்று இதற்கு மங்களகரமாகப் பெயர் வைத்தார்கள். பெயர் நாறிப்போன பின் பெயர்ப் பலகையைக் கழற்றினார்கள். தரகரின் நடமாட்டம் நின்றபாடில்லை.

மற்றவர் கல்லூரிக்கு ஆள் பிடிக்கிறவர். வழவழப்பான தாளில் அச்சிட்ட விளம்பரப் புத்தகம் கொண்டுவருவார். முதல் பக்கத்தில் கட்டடம், அடுத்த பக்கத்தில் வரிசையாக நிற்கும் பஸ்கள், அதற்கடுத்த பக்கத்தில் கண்ணாடி அலமாரிகள் மின்னும் நூலகம். “பாருங்கள், எத்தனை ஆயிரம் புத்தகங்கள்!” என்பார். அந்த அலமாரியின் சாவி யாரிடம் இருக்கிறது, மாணவன் கையில் புத்தகம் வருமா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

இரண்டு பேருக்கும் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன். நமது பிள்ளை அவர்களுக்கு ஒரு தலை.

மூன்றாவதாக ஒருவர் நமது தெருவுக்கு வரவேண்டும். கமிஷன் வாங்காதவர், எந்தப் படிப்பு எங்கே இருக்கிறது, அதற்கு என்ன செலவாகும், அந்தச் செலவை யார் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள் என்று தெரிந்தவர். சர்க்கார் பல்கலைக்கழகத்தின் நூலகரும் சர்க்கார் கல்லூரியின் நூலகரும்தான் அவர். அவர் வருவதில்லை. ஏன் வருவதில்லை, அவரை எப்படி வரவழைப்பது என்பதே நமது கேள்வி.

யாருக்காக இந்த அக்கறை?

கல்லூரிகளுக்கு மாணவரைச் சேர்த்துக் கொடுப்பதில் நூலகரும் கைகொடுக்க வேண்டும் என்று இப்போது பெரிய இடங்களில் பேசுகிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த அக்கறை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டாமா?

1984ல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்துவிடப்பட்டது. பிறகு மழைக்காலத்துக் காளான்போலக் கல்லூரிகள் முளைத்தன. ஒரு கட்டத்தில் ஐந்நூறுக்கு மேல் போயிற்று. கட்டிய முதலாளிகள் இலாபக் கணக்குப் போட்டார்கள். படிக்கிறவனின் வருங்காலக் கணக்கை யாரும் போடவில்லை. விளைவு என்ன? ஆண்டுதோறும் கலந்தாய்வு முடிந்த பின்னும் ஆயிரம் ஆயிரமாக இடங்கள் காலியாய் நின்றன. பல கல்லூரிகள் மூடப்பட்டன. மிச்சமிருப்பவர்களில் பலர், பாடம் நடத்த வந்த ஆசிரியரிடம் இத்தனை மாணவரைப் பிடித்துக்கொண்டு வா என்று கணக்கு விதிப்பது ஊரறிந்த செய்தி. ஆசிரியரை வீதிக்கு அனுப்பியாயிற்று. இனி நூலகர் மட்டும் ஏன் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் இவர்களது நியாயம்.

இந்த வேலைக்கு நூலகர் போகக்கூடாது. போகச் சொல்கிறவனுக்கு அவர் முகத்துக்கு நேரே மறுப்புச் சொல்ல வேண்டும். நூலகத்தைத் தூண்டில் புழுவாக்கி ஏழையின் பிள்ளையைக் கடனில் மாட்டிவிடுவது நூலகத் தொழிலுக்கே அவமானம்.

ஆனால் இதனால், மாணவரைச் சேர்ப்பது நூலகரின் வேலையே அல்ல என்று முடிவு கட்டிவிடலாமா? கூடாது. மத்திய சர்க்காரின் 2021-22ஆம் ஆண்டு உயர்கல்விக் கணக்கெடுப்பைப் பாருங்கள். 18 முதல் 23 வயதுள்ளவர்களின் தொகையோடு ஒப்பிட்டால், தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை நூற்றுக்கு 47. நாடு முழுவதற்கும் 28.4. மற்ற மாநிலங்களைவிட நாம் முன்னே நிற்பது உண்மை. அதில் பெருமைப்படலாம். ஆனால் வெளியே நிற்பவர்கள் யார்? மில் முதலாளியின் மகனா? நூறு வேலி மிராசுதாரின் பேரனா? அவர்களின் முகங்களை நாம் தினமும் பார்க்கிறோம். நம்முடன் ஷிப்டுக்கு வருகிறார்கள். நம்முடன் நடவுக்கு இறங்குகிறார்கள்.

இவர்களைக் கல்லூரிக்குள் கொண்டுவருவதுதான் உண்மையான மாணவர் சேர்க்கை. இதற்கு நூலகர் வேண்டும்.

மில் நகரத்துக்குப் போன புத்தகப் பெட்டி

இது நடக்கிற காரியமா என்று சிலர் கேட்கலாம். நடந்திருக்கிறது.

இங்கிலாந்தில் 1903ல், கூட்டுறவு ஸ்தாபனம் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்த ஆல்பர்ட் மான்ஸ்பிரிட்ஜ் என்பவர் தொழிலாளர் கல்விச் சங்கம் ஒன்றைத் துவக்கினார். 1908ல், பஞ்சாலை நகரமான ராச்டேலிலும் மண்பாண்டத் தொழில் நகரமான லாங்டனிலும் தொழிலாளருக்காக வகுப்புகள் ஆரம்பமாயின. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் ஆதரவில் டானி என்ற ஆசிரியர் ரயிலேறி வந்து பாடம் நடத்தினார். மூன்று வருஷப் படிப்பு. வாரத்துக்கு இரண்டு மணி நேரம். ஒரு மணி பாடம், ஒரு மணி விவாதம். பகலெல்லாம் தறியோடும் சூளையோடும் மல்லுக்கட்டியவர்கள் இரவில் உட்கார்ந்து கட்டுரை எழுதினார்கள்.

கட்டுரை எழுதப் புத்தகம் வேண்டுமே! தொழிலாளி எங்கே போய் வாங்குவான்? பல்கலைக்கழகத்திலிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வகுப்புகளுக்கு அனுப்பப்பட்டன. இத்தகைய வகுப்புகளுக்கும் நூலக வசதியில்லாத மாணவர்களுக்கும் இரவல் கொடுப்பதற்கென்றே 1916ல் லண்டனில் ‘மாணவர் மத்திய நூலகம்’ என்று ஒன்று ஏற்பட்டது. பின்னாளில் அதுவே அந்நாட்டின் தேசிய மத்திய நூலகமாக வளர்ந்தது.

இதில் ஒரு குறை இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வகுப்புகளில் படித்தவனுக்குப் பட்டம் கிடையாது. புத்தகப் பெட்டி தொழிலாளியின் ஊருக்கு வந்தது. பட்டம் பல்கலைக்கழக மதில் சுவருக்குள்ளேயே இருந்துகொண்டது. நாம் கேட்பது இரண்டையும்.

மாட்டுவண்டி ஏறிய நூலகம்

நமது நாட்டிலும் இதற்கு முன்மாதிரி இருக்கிறது. சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். 1924ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். பயிற்சிக்காக இங்கிலாந்து போனவர் அங்கே ஏராளமான நூலகங்களைச் சுற்றிப் பார்த்துத் திரும்பினார். வந்ததும் அலமாரிகளை வாசகருக்குத் திறந்துவிட்டார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார்.

1931ல் அவர் வகுத்த ஐந்து விதிகள் இன்று உலகமெங்கும் நூலகப் படிப்பின் அரிச்சுவடி. அவற்றின் சாரத்தை நமது பாஷையில் சொன்னால் இதுதான்: புத்தகம் எடுத்துப் படிப்பதற்கே உண்டானது, எவன் வந்தாலும் அவனுக்கு வேண்டிய புத்தகம் கிடைக்க வேண்டும், எந்தப் புத்தகமும் வாசகனில்லாமல் தூங்கக்கூடாது, வருகிறவனின் நேரத்தை வீணாக்கக்கூடாது, நூலகம் உயிருள்ளது போல வளர்ந்துகொண்டே போக வேண்டும்.

அதே 1931ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார்குடிப் பக்கம் மேலவாசல் கிராமத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி நூலகம் புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சி அது. கிராமம் கிராமமாகப் புத்தகம் போயிற்று. அந்த வண்டி போன சாலைக்கு இருபுறமும் வயலில் நின்ற பண்ணையாளுக்கு அந்நாளில் எழுத்தே மறுக்கப்பட்டிருந்தது. வண்டி அவனைத் தாண்டித்தான் போயிருக்கும். அவனுடைய கொள்ளுப் பேரனும் கொள்ளுப் பேத்தியும் இன்று பிளஸ் டூ முடித்துவிட்டு நிற்கிறார்கள். இவர்களைத் தாண்டியும் வண்டி போய்விடலாமா?

நூலகர் செய்யக்கூடியது என்ன?

முதலாவது, சரியான தகவல். இது சின்ன விஷயமல்ல. லட்சக் கணக்கான ரூபாய் விஷயம்.

குடும்பத்திலேயே முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்குத் தொழிற்படிப்பில் கல்விக் கட்டணச் சலுகை 2010-11 முதல் உண்டு. சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020லும், பொறியியல், விவசாயம், கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளில் 2021லும் நூற்றுக்கு ஏழரை இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆறாம் வகுப்பிலிருந்து சர்க்கார் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022லும், ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024லும் வந்தன.

முதல் பட்டதாரிச் சலுகையும் ஏழரை சதவீத இடமும் கலந்தாய்வு வழியாகச் சேருகிறவருக்குத்தான். தரகர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிட்டால் இவை கிடையாது! ஒரு கையெழுத்தில் சர்க்கார் கட்ட வேண்டிய பணம் தகப்பன் தலையில் ஏறுகிறது. தாலியும் ஆட்டுக்குட்டியும் அடகுக்குப் போகின்றன. இதைத் தரகர் சொல்லுவாரா? அவர் பிழைப்பே அதை மறைப்பதில் இருக்கிறது.

இன்னொரு மோசடியும் உண்டு. அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு, விலகிப் போக விரும்பும் பிள்ளையிடம் பணம் கேட்பது. அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக்கூடாது, விலகும் மாணவருக்குக் குறித்த விதிப்படி கட்டணத்தைத் திருப்ப வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018ல் அறிவித்தது. எத்தனை கூலித் தொழிலாளிக்கு இது தெரியும்? தேடி எடுத்து, ஒரு தாளில் தமிழில் எழுதி, ஊர்ப்புற நூலகத்தின் சுவரில் ஒட்டுவது நூலகருக்கு ஒரு நாள் வேலை. தகவலைத் தேடி, சரிபார்த்து, வேண்டியவன் கையில் கொடுப்பதுதானே அவருடைய தொழில்!

இரண்டாவது, கல்லூரியில் சேருவதற்கு முன்பே உள்ளே வரும் உரிமை. ஒரு பல்கலைக்கழக வளாகத்துக்குள் காலே வைத்திராத பிள்ளைக்கு அந்தக் கட்டடம் மிராசுதார் வீட்டுத் திண்ணை மாதிரி; ஏறலாமா கூடாதா என்று கால் தயங்கும். பத்தாவதும் பிளஸ் டூவும் படிக்கும் சுற்றுவட்டாரப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வாசக அறையைத் திறந்து விடட்டும். இங்கே உட்காரலாம், இந்த அலமாரியைத் தொடலாம், இது நம்முடைய வரிப்பணத்தில் வந்தது என்று ஒரு தடவை உணர்ந்துவிட்ட பிள்ளையை அதன் பிறகு எந்தக் காவல்காரனும் விரட்ட முடியாது.

மூன்றாவது, சேர்ந்த பிள்ளையை நிலைக்க வைப்பது. இதுதான் எல்லாவற்றிலும் பெரியது. பன்னிரண்டு வருஷம் தமிழில் படித்த பிள்ளை கல்லூரியில் முதல் மாதமே ஆங்கிலப் பாடப் புத்தகத்தின் முன்னால் விழிக்கிறது. புத்தகம் வாங்கக் காசில்லை, வாங்கினாலும் புரியவில்லை. தனக்கு மூளை இல்லை என்று நினைத்துக்கொள்கிறது. தீபாவளிக்கு ஊருக்கு வந்த பிள்ளை திரும்பிப் போவதில்லை. பொங்கலுக்குள் மில்லில் பெயர் ஏறிவிடுகிறது.

இந்த இடத்தில் ஒரு நல்ல நூலகர் என்ன செய்ய முடியும்? 1960களில் கல்லூரிப் படிப்பைத் தமிழில் நடத்த முயற்சி நடந்தபோது வரலாறு, பொருளாதாரம், விஞ்ஞானம் என்று பல துறைகளில் தமிழ்ப் பாடநூல்கள் வந்தன. அவற்றில் பல இன்று தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. சில பழசாகிப் போயிருக்கும், அடிப்படை பழசாகாது. ஆங்கிலப் புத்தகத்தின் பக்கத்தில் தமிழ்ப் புத்தகத்தை வைத்து, “முதலில் இதைப் படி, பிறகு அதைப் பார்” என்று சொல்ல ஒரு மனிதர் இருந்தால் போதும், அந்தப் பிள்ளை நிலைத்துவிடும்.

நிலைத்த பிள்ளைதான் அடுத்த ஆண்டு தன் தெருவிலிருந்து இன்னும் நாலு பேரை அழைத்து வரும். அதைவிடப் பெரிய விளம்பரம் எந்த வழவழப்புத் தாளிலும் இல்லை.

எதிர்வாதக்காரர்களுக்குப் பதில்

“மொபைலில் எல்லாம் கிடைக்கிறதே, நூலகர் எதற்கு?” என்கிறார்கள் சில மேதாவிகள். மொபைலில் தரகரும் கிடைக்கிறார். அவர்தான் முதலில் கிடைக்கிறார், காசு கொடுத்து விளம்பரம் போடுகிறவர் அவர்தானே! 2024 நவம்பரில் மத்திய சர்க்கார் ‘ஒரே நாடு ஒரே சந்தா’ என்று மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாயை ஒதுக்கிற்று. சுமார் 13,000 ஆராய்ச்சிப் பத்திரிகைகளைச் சர்க்கார் கல்வி நிலையங்களில் படிக்கலாம் என்று ஏற்பாடு. பத்திரிகைகள் வரட்டும், வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பெரிய பெரிய பதிப்பக முதலாளிகளுக்குக் கோடி கோடியாய்ச் சந்தா கட்ட முடிகிறது. அந்தக் கடலில் நமது பிள்ளைக்கு வழிகாட்ட ஒரு நூலகரை நியமிக்கப் பணமில்லையா? எத்தனையோ சர்க்கார் கல்லூரிகளில் நூலகர் நாற்காலி வருஷக் கணக்கில் காலியாகக் கிடக்கிறது. ஆளில்லாத அலமாரிக்குப் பூட்டுத்தான் காவல்.

“புத்தகத்தைப் பத்திரமாகக் காப்பதுதான் என் வேலை” என்று சொல்லும் நூலகர்களும் உண்டு. அவர்களிடம் நமக்குக் கோபமில்லை. புத்தகம் காணாமற்போனால் தன் சம்பளத்தில் கைவைப்பார்களோ என்ற பயத்தில் வேலை செய்கிறவர் எப்படி அலமாரியைத் திறந்து வைப்பார்? பல இடங்களில் அவரும் தொகுப்பூதியத்தில் நாள் கடத்தும் கூலிதான். ஊர்ப்புற நூலகரின் நிலை இன்னும் மோசம். ஆகவே நூலகரின் உத்தியோகப் பாதுகாப்பும் நமது பிள்ளைகளின் படிப்பும் ஒரே கயிற்றின் இரு நுனி. அவர் நமது எதிரியல்ல, நமது பக்கத்தில் நிற்க வேண்டியவர்.

கடைசியாக நம்மிலேயே சிலர் சொல்கிறார்கள்: “படித்தவனே வேலையில்லாமல் திரிகிறான். இதில் நூலகம் என்ன செய்யும்?” நியாயமான வேதனை. இதற்கு மழுப்பலான பதில் சொல்ல மாட்டோம். நூலகத்தால் வேலை உண்டாக்க முடியாது. கட்டணத்தைக் குறைக்க முடியாது. அவற்றுக்கு வேறு போராட்டங்கள் வேண்டும். ஆனால் பணக்காரன் தன் பிள்ளையைப் படிக்க வைக்காமல் விட்டுவிட்டானா? படிப்பால் பயனில்லை என்ற தத்துவம் நமது தெருவில் மட்டும் ஏன் விலைபோக வேண்டும்? கூலிச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, எந்தச் சட்டத்தில் என்ன உரிமை இருக்கிறது என்று வாசித்துச் சொல்லும் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் மேஸ்திரியின் குரலே இறங்கிவிடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

நமது கோரிக்கைகள்

1. சர்க்கார் பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் காலியாகக் கிடக்கும் நூலகர் பணியிடங்கள் எல்லாவற்றையும் நிரந்தரச் சம்பளத்தில் நிரப்பு!

2. ஏப்ரல், மே மாதங்களில் ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும், அதைச் சுற்றியுள்ள ஊர்ப்புற நூலகங்களிலும் மாணவர் சேர்க்கை உதவி மேஜை போடு! அதில் உட்காரும் நூலகருக்கு ஆள் கணக்கு விதிக்காதே!

3. பள்ளி மாணவருக்கும், படிக்க விரும்பும் தொழிலாளிக்கும் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் வாசக அறையைத் திற!

4. முதலாண்டு ஏழை மாணவருக்குப் பாடப் புத்தகங்களைப் பருவம் முழுவதற்கும் இரவல் கொடு!

5. வீட்டுவரியோடு ரூபாய்க்கு 10 காசு என்று நம்மிடம் வசூலிக்கும் நூலக வரியைப் பாக்கி வைக்காமல் நூலகத்துக்கே செலுத்து! 1948ல் சென்னை மாகாணத்தில் ரங்கநாதனின் முயற்சியால் நூலகச் சட்டம் வந்தது இதற்காகத்தான்.

தோழர்களே! கோரிக்கை எழுதிவிட்டால் வேலை முடிந்துவிடாது. ஒவ்வொரு மில் வாசலிலும், ஒவ்வொரு விவசாயத் தொழிலாளர் குடியிருப்பிலும் இந்த ஆண்டு பிளஸ் டூ எழுதும் பிள்ளைகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்களை அழைத்துக்கொண்டு பக்கத்திலுள்ள சர்க்கார் கல்லூரி நூலகத்துக்குப் போங்கள். கதவு திறந்திருந்தால் உள்ளே போய் நூலகரிடம் நோட்டைக் கொடுங்கள், அவரும் மகிழ்வார். பூட்டியிருந்தால், ஏன் பூட்டியிருக்கிறது என்று கல்லூரி முதல்வரிடமும் கலெக்டரிடமும் எழுத்தில் கேளுங்கள். பதில் வரும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.

அலமாரியில் இருக்கும் புத்தகம் நமது வரிப்பணம். வெளியே நிற்கும் பிள்ளை நமது இரத்தம். இரண்டையும் சேர்த்து வைக்கும் பொறுப்பு நூலகருடையது; அந்தப் பொறுப்பை அவர் நிறைவேற்ற வழி திறந்து கொடுக்கும் பொறுப்பு நம்முடையது.